20-க்கு 11: பெரியப்பாவின் இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றிய அனுபவம்

பெரியப்பா விட்டுச்சென்ற 43 எல்.பி. இசைத்தட்டுகளில் பதினான்காவதைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை கணினியில் ஏற்றி முடித்தேன். இந்த வேலையைத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. நான்கு வாரங்களில் முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன். தாமதத்திற்குப் பாதிக் காரணம் என் கைத்தவறுகள். மீதிக்குக் காரணம், இசைத்தட்டின் ஒலியை எண்களாக மாற்றினால் அதன் உயிர் போய்விடும் என்று பல ஆண்டுகளாக நான் வளர்த்து வைத்திருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்காமல் மேற்கொண்டு போக மனம் வரவில்லை. எனவே இது ஒரு பழைய சுழலியை (இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளை) பழுதுபார்த்த குறிப்பாகவும், அந்தச் சோதனையின் பதிவாகவும் அமைகிறது.

சுழலி கிடைத்தது மூர் மார்க்கெட்டில். பழைய கட்டடம் 1985-இல் எரிந்துபோன பிறகு, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே அல்லிக்குளம் வளாகத்திற்குக் கடைகள் மாறிவிட்டாலும் அந்த இடத்தை இன்றும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறோம். 80-களில் ஜப்பானில் செய்யப்பட்ட, நேர்மின் மோட்டாரும் ரப்பர் பெல்ட்டும் கொண்ட டர்ன்டேபிள் அது. விலை 6,500 ரூபாய். கடைக்காரர் மோட்டார் சுற்றுவதைக் காட்டினார். சுழல்தட்டு சுற்றுவதைக் காட்டவில்லை. வீட்டிற்கு வந்து சுழல்தட்டைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. உள்ளே பெல்ட் இல்லை. பெல்ட்டாக இருந்த ரப்பர் உருகித் தார்போல மோட்டார் உருளையிலும் சுழல்தட்டின் உள்வளையத்திலும் ஒட்டிக்கிடந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காதுப் பஞ்சுக் குச்சிகளும் கொண்டு அதைச் சுரண்டி எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. சிறிதளவு பிசின் உருளையில் மிஞ்சினாலும் புதிய பெல்ட் அதன்மேல் ஏறி இறங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலி அலையும் என்பதால் இதில் அவசரப்பட வேண்டாம்.

பழைய பெல்ட்டே இல்லாதபோது புதியதின் அளவை எப்படி அறிவது? தையல் நூலை உள்வளையத்தையும் மோட்டார் உருளையையும் சேர்த்துச் சுற்றி, நூலை நீட்டி அளந்தேன்: 634 மில்லிமீட்டர். அதே அளவில் பெல்ட் வாங்கியது முதல் தவறு. நூலின் அளவு, இழுவிசையோடு மாட்டிய பெல்ட்டின் அளவு. தளர்வாக இருக்கும் பெல்ட் அதைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு சிறியதாக இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். நான் வாங்கியது வழுக்கியது. முள்ளை வைத்தவுடன் சுழற்சி தயங்கியது. 350 ரூபாய் வீண். இரண்டாவதாக 600 மில்லிமீட்டர் பெல்ட்டை 650 ரூபாய்க்கு வாங்கினேன். அது சரியாக உட்கார்ந்தது.

அடுத்தது வேகம். மோட்டாரின் அடியில் ஒரு சிறு துளையும் அதற்குள் மெல்லிய திருப்புளியால் திருப்பக்கூடிய திருகும் உண்டு. வேகத்தைக் கண்ணால் பார்க்க, கோடுகள் வரைந்த வட்டத்தைக் காகிதத்தில் அச்சிட்டுச் சுழல்தட்டின்மேல் வைத்து, வீட்டு மின்சாரத்தில் எரியும் விளக்கின் வெளிச்சத்தில் நோக்க வேண்டும். வேகம் சரியானால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். எல்.இ.டி. பல்பின் அடியில் கோடுகளே தெரியவில்லை, ஏனெனில் அதன் உள்ளிருக்கும் சுற்று மின்னோட்டத்தின் துடிப்பைச் சமப்படுத்திவிடுகிறது. கடைசியில் சுவிட்ச் போர்டில் பொருத்தும் சிவப்பு நியான் இண்டிகேட்டர் ஒன்றைப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கி ஒயரில் மாட்டிக்கொண்டேன். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை மின்னும். கோடுகள் தெளிவாகத் தெரிந்தன, ஆனால் முன்னோக்கி ஓடின. அவற்றை நிறுத்துவதற்காகத் திருகைக் குறைத்துக்கொண்டே போனேன். கோடுகள் ஏறக்குறைய நின்றபோது ஒரு தட்டைப் போட்டுப் பார்த்தால், ஐந்து கட்டையில் பாடிய பாடகி மூன்று கட்டைக்கு இறங்கியிருந்தார்.

நான் அச்சிட்டது அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கான வட்டம். அதில் 216 கோடுகள். நிமிடத்திற்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, வினாடிக்கு 100 மின்னல் வீதம் நமக்குத் தேவை 180 கோடுகள். கோடுகளை எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். 180 கோடு வட்டத்தை வைத்ததும் ஐந்து நிமிடங்களில் வேகம் நேரானது.

முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்னழுத்தமாக்கும் கார்ட்ரிட்ஜும் பழையதுதான், முள்ளின் முனை தேய்ந்திருந்தது. தேய்ந்த முள் தட்டைச் செதுக்கிவிடும் என்பதால் அதைப் பரிசோதனைக்குக்கூடப் பயன்படுத்தவில்லை. ஆடியோ-டெக்னிகா விஎம்95இ ஒன்றை 6,200 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கான முள் அழுத்தம் 1.8 முதல் 2.2 கிராம் வரை, நடுவில் 2.0 என்று வைப்பது வழக்கம். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் எடைக்கட்டியில் இருக்கும் எண்களை நம்பி 2.0 வைத்தேன். பிறகு நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் வகையிலான சிறு மின்னணுத் தராசை 450 ரூபாய்க்கு வாங்கி அளந்தபோது அது 2.4 காட்டியது. எடைக்கட்டியின் எண்களை இனி நம்பமாட்டேன்.

கார்ட்ரிட்ஜைக் கோணம் பார்த்துப் பொருத்துவதில் மறுபடியும் காகிதமே ஏமாற்றியது. மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் கார்ட்ரிட்ஜ் அங்குள்ள பள்ளத்தின் போக்குக்கு நேர் இணையாக நிற்க வேண்டும். அதற்கான அளவுத்தாளை அச்சிட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து வெகு கவனமாகப் பொருத்தியும், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாடலிலும் ‘ச’, ‘ஸ’ வருமிடமெல்லாம் எச்சில் தெறிப்பதுபோல ஒலித்தது. தட்டின் விளிம்பில் முள்ளின்கீழ் பள்ளம் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கடைசிப் பாடலில் அது 21 சென்டிமீட்டராகக் குறைந்து, அதே அதிர்வுகள் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கோணம் சிறிது பிசகினாலும் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அளவுகோலை வைத்துத் தாளைச் சரிபார்த்தபோது 120.9 இருக்க வேண்டிய இடம் 116 இருந்தது. பக்கத்திற்குள் அடங்கும்படி அச்சுப்பொறி தானாகவே 96 விழுக்காட்டுக்குச் சுருக்கியிருக்கிறது. சுருக்காமல் அச்சிட்டு மீண்டும் பொருத்தியதும் தெறிப்பு பெரும்பாலும் அடங்கியது. முழுக்க அடங்கவில்லை, அது பழைய தட்டுகளில் முந்தைய முட்கள் செய்த தேய்மானம்.

தட்டுகளைக் கழுவியதைப் பற்றியும் ஒரு வருத்தம் சொல்ல வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் முப்பது ஆண்டுகள் டிரங்குப் பெட்டியில் கிடந்த தட்டுகளில் தூசியைவிடப் பூஞ்சைதான் மிகுதி. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் 800 மில்லிலிட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லிலிட்டர், பாத்திரம் தேய்க்கும் திரவம் மூன்று சொட்டு என்று கலந்துகொண்டேன். நடுவிலிருக்கும் காகித லேபிள் நனையாமல் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை அதன்மேல் கவிழ்த்து, குழந்தைகளுக்கான மென்மையான தலைச்சீப்பு பிரஷால் பள்ளங்களின் போக்கிலேயே தேய்த்து, வெறும் வடிநீரில் அலசி, சமையலறையின் எவர்சில்வர் தட்டுக்கூடையில் செங்குத்தாக நிறுத்திக் காயவைத்தேன். வினைல் தட்டுகளுக்கு இது மிக நன்றாக வேலை செய்தது. பெட்டியின் அடியில் நிமிடத்திற்கு 78 சுற்று ஓடும் பழைய வகைத் தட்டு ஒன்றும் இருந்தது. யோசிக்காமல் அதையும் அதே கலவையால் துடைத்தேன். 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார்கள்? அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. துணியில் கருஞ்சாயம் இறங்கியதைக் கண்டு நிறுத்துவதற்குள் ஒரு பக்கம் மங்கிவிட்டது. வீட்டில் இருந்த ஒரே 78 அதுதான்.

முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மின்னழுத்தம். அதைப் பெருக்குவதோடு, தட்டு வெட்டும்போது குறைத்த அடித்தொனியை ஏற்றி, கூட்டிய மேல்தொனியை இறக்கவும் வேண்டும். ஆர்ஐஏஏ வளைவு என்பது இதுதான். ரிச்சி தெருவில் என்இ5532 சில்லு, மின்தடைகள், மின்தேக்கிகள், பெட்டி எல்லாம் சேர்த்து 780 ரூபாய்க்கு வாங்கி, இதைச் செய்யும் பெருக்கியை நானே பற்றவைத்தேன். முதல் முறை இடப்பக்கம் 1.1 டெசிபெல் கூடுதலாக ஒலித்தது, ஏனெனில் மின்தேக்கிகளில் எழுதியிருந்த மதிப்பும் உண்மை மதிப்பும் வேறாக இருந்தன. பத்துப் பத்தாக வாங்கி, எல்சிஆர் மீட்டரில் அளந்து, ஒத்துப்போகும் இணைகளைப் பொறுக்கி மாட்டியதும் வேறுபாடு 0.2-க்குள் வந்தது. உறுமல் இருந்தது, சுழலியின் எர்த் ஒயரைப் பெட்டியின் உலோக உடலோடு இணைத்ததும் முக்கால்வாசி போயிற்று. மீதி, மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் போயிற்று. சுழலியின் பழைய ஒயர் 1.8 மீட்டர் நீளமும் 290 பிக்கோஃபாரட் மின்தேக்கமும் கொண்டிருந்தது. இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 100 முதல் 200 வரைதான் ஏற்றது. மிகுந்தால் மேல்தொனி கூராகிவிடும். 70 சென்டிமீட்டர் ஒயராக மாற்றினேன். நான் செய்த மாற்றங்களில் செலவுக்கு மிஞ்சிய பலன் தந்தது இதுதான்.

பதிவுக்கு, ஒலியை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் யூஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்றை இரண்டாம் கையாக 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 96,000 அளவீடுகள், ஒவ்வொன்றும் 24 பிட் எண்) இருபது நிமிடப் பக்கம் ஒன்று ஏறத்தாழ 690 மெகாபைட் பிடிக்கிறது. உச்ச ஒலி -6 டெசிபெல்லை (0 என்பது பதியக்கூடிய உச்ச அளவு) தாண்டாதபடி வைத்துக்கொண்டால் போதும். பதிந்த பிறகு, பொரிவது போன்ற சத்தங்களை நீக்கும் கருவியை ஆடாசிட்டி மென்பொருளில் தாராளமாக ஓட்டினேன். பொரிச்சலோடு மிருதங்கத்தின் சாப்பும் போய்விட்டது. கூர்மையான தொடக்கம் கொண்ட மிருதங்க அடி ஒவ்வொன்றையும் அந்தக் கருவி கீறல் என்றே எண்ணுகிறது. மூன்று தட்டுகளை மறுபடி பதிய நேர்ந்தது. இப்போது பெரிய சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் நீக்குகிறேன். 60-களிலும் 70-களின் பெரும்பகுதியிலும் வந்த நம் திரையிசைத் தட்டுகள் மோனோ என்பதால், இடம், வலம் என்ற இரு ஒலித்தடங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் முள்ளின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. எந்தக் கருவியும் இல்லாமலே கிடைக்கும் சுத்தம் இது.

இனிச் சோதனைக்கு வருகிறேன். முதலில், ஓடும் தட்டையும் அதிலிருந்து எடுத்த கோப்பையும் ஒரே நேரத்தில் தொடங்கி, சுவிட்சால் மாற்றி மாற்றிக் கேட்டேன். இது பயன்படவில்லை. சுழலியின் வேகம் நுண்ணளவில் அலைவதால் ஒரு நிமிடத்திற்குள் இரண்டும் விலகிவிடுகின்றன; மாற்றும்போது தாளம் தாவுவதே காட்டிக்கொடுத்துவிடும். எனவே வழியை மாற்றினேன். ஓடும் தட்டின் ஒலியை ஒரு பாதையில் நேராக ஆம்ப்ளிஃபையருக்கும், மறு பாதையில் இண்டர்ஃபேஸ் வழியாக எண்ணாக்கி, உடனே மீண்டும் ஒலியாக்கி ஆம்ப்ளிஃபையருக்கும் அனுப்பினேன். கண்டிப்பாக இருக்கட்டும் என்று 24 பிட் அல்ல, குறுந்தகட்டின் அளவான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்தேன். இரு பாதைகளையும் மாற்ற இருமுனை சுவிட்சும் பெட்டியும் 340 ரூபாய். மகள் அடுத்த அறையில் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் நேர்ப்பாதை, தலை விழுந்தால் எண்பாதை என்று மாற்றிவிட்டுக் குறித்துக்கொண்டாள்.

20-க்கு 18 சரியாகச் சொன்னேன். பெருமிதத்தோடு எழுந்தேன். “அப்பா, எது சத்தமா இருக்கோ அதையே நல்லா இருக்குன்னு சொல்றீங்க” என்றாள் மகள்.

சோதனைத் தட்டு ஒன்றை 2,600 ரூபாய்க்கு வரவழைத்து, அதிலுள்ள 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஒலிபெருக்கியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். நேர்ப்பாதையில் 1.12 வோல்ட், எண்பாதையில் 1.02 வோல்ட். வேறுபாடு 0.8 டெசிபெல். இந்த அளவு வேறுபாடு என் காதுக்குச் சத்தம் கூடியதாகத் தெரியவில்லை. ‘கதகதப்பு’ என்றும் ‘உடல்’ என்றும்தான் தெரிந்தது. நான் குறித்து வைத்திருந்த சொற்களும் அவைதான். இரண்டையும் 0.01 வோல்ட்டுக்குள் சமப்படுத்தி, அடுத்த ஞாயிறு மீண்டும் உட்கார்ந்தேன். 20-க்கு 11. அதற்கடுத்த வாரம் வேறு தட்டு, தலையணி வழியாக: 20-க்கு 9. நாணயம் சுண்டிச் சொல்லியிருந்தாலும் இதே எண்கள்தாம் வந்திருக்கும்.

பதிவின் அலைவடிவத்தைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. என் தட்டுகளில் இரு பாடல்களுக்கு இடைப்பட்ட அமைதியே -55 டெசிபெல் அளவில் இரைகிறது. 16 பிட் பதிவின் சொந்த இரைச்சல் மட்டமோ -96 அருகே. தட்டின் சொந்த இரைச்சலுக்கு வெகு ஆழத்தில் இருக்கும் ஒன்றை நான் கேட்டதாக எண்ணியிருந்தேன். இந்த ஏமாற்றத்தில் துணைக்கு ஆள் உண்டு என்பது சிறு ஆறுதல். லின் டர்ன்டேபிளை உருவாக்கிய ஐவர் டீஃபன்ப்ரன் 1984-இல் இதே வகைச் சோதனையில், தன் இசைத்தட்டின் பாதையில் சோனியின் எண்ணாக்கக் கருவி எப்போது புகுத்தப்பட்டது என்று சொல்ல முடியாமல் போனார். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் மூல நாடாவிலிருந்து வெட்டியவை என்று ரசிகர்கள் போற்றிய பல தட்டுகளுக்கு நடுவே ஓர் எண்ணாக்கப் படி இருந்தது 2022-இல் வெளியே தெரிந்தது. அதுவரை அதைக் காதால் கண்டுபிடித்துச் சொன்னவர் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இணையத்தில் கிடைக்கும் அதே பாடலைக் கேட்டு நான் இத்தனை ஆண்டுகள் முகம் சுளித்தது பொய்யா? அதையும் சோதித்தேன். 70-களின் இறுதியில் வந்த தட்டு ஒன்றிலிருந்து நான் எடுத்த கோப்பையும் இணையத்தில் கிடைக்கும் அதே பாடலையும் ஒலியளவு சமப்படுத்தி, தனித்தனித் துண்டுகளாக வெட்டி, மகளைக் கொண்டு முன்போலவே கேட்டேன். 20-க்கு 20. இது எண்களுக்கும் பள்ளங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு அல்ல, இரண்டும் எண்கள்தாம். தட்டில் பாடல் 4 நிமிடம் 22 வினாடி ஓடுகிறது; இணையத்தில் 4 நிமிடம் 18 வினாடி. ஒன்றரை விழுக்காடு வேகம் கூடியிருக்கிறது, சுருதியும் அந்த அளவுக்கு ஏறியிருக்கிறது. எது மூலத்தின் வேகம் என்பதை என் சுழலி தீர்மானிக்க இயலாது, ஆனால் பெரியப்பா வீட்டில் நான் கேட்டு வளர்ந்தது தட்டின் சுருதியைத்தான். இரைச்சலை நீக்கும்போது வயலின்களின் மேல்தொனியையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். மெல்லிய பகுதிகளை உயர்த்தி எல்லாவற்றையும் ஒரே மட்டத்திற்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாடகியின் குரலுக்குப் பின்னே மூலத்தில் இல்லாத எதிரொலி சேர்ந்திருக்கிறது. அலைவடிவத்தில் தட்டின் பாடல் மலைத்தொடர்போல ஏறி இறங்க, இணையத்தின் பாடல் செங்கல் சுவர்போல நிற்கிறது. நான் வெறுத்தது டிஜிட்டலை அல்ல. யாரோ ஒருவர் அந்தப் பாடலை மீண்டும் செப்பனிட்ட விதத்தை.

இதனால் தட்டுகளின் மேலுள்ள பற்று குறையவில்லை, ஆனால் காரணம் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் அந்தப் பாடல் எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்களோ, அந்த முடிவு பல படங்களுக்குத் தட்டில்தான் மிஞ்சியிருக்கிறது. அதை எண்ணாக்கி வைத்துக்கொள்ள இப்போது தயக்கமில்லை.

மொத்தச் செலவு 25,970 ரூபாய். தட்டு கழுவும் பொருட்கள், நியான் விளக்கு, காகிதம் ஆகியவற்றுக்கான 600 இதில் அடக்கம். மறுபடி செய்வதானால், தராசையும் சோதனைத் தட்டையும் முதலில் வாங்குவேன். நான் இழந்த மாதங்கள் பெரும்பாலும் அளக்காமல் நம்பியதால் போனவை. பெருக்கியை நானே செய்வதை விடமாட்டேன், ஆனால் ஒரு விழுக்காடு துல்லியமுள்ள மின்தேக்கிகளைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவேன். சுவிட்ச் பெட்டியில் ஒலியளவைச் சமப்படுத்தும் திருகு ஒன்றையும் சேர்ப்பேன்.

இன்னும் 29 எல்.பி.க்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கு இரண்டு வீதம் எடுக்கிறேன். ஐப்பசி மழைக்குள் முடித்து, தட்டுகளைச் சிலிக்கா ஜெல் பைகளோடு புதிய உறைகளில் போட்டுவிட வேண்டும். மங்கிய 78-இன் மறுபக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் பள்ளம் அகலமானது என்பதால் இந்த முள் உதவாது. அதே கார்ட்ரிட்ஜில் மாட்டக்கூடிய 78-க்கான அகல முள்ளுக்குச் சொல்லியிருக்கிறேன்.